முப்பத்தொன்றாம் பக்கம்

எட்டு மாதம் பிடித்தது எனக்கு
ஐலுவர்களைச் செய்து முடிக்க.
ஏரி உறையும் நாளில்
பழைய குரலை உதிர்த்துவிட்டு
புதுக்குரல் முளைக்கும்வரை
ஊமையாய் இருக்கும் மக்கள்.

முதலில் சிறகு கொடுத்திருந்தேன்.
"பறந்தால் உன் பள்ளங்களுக்கெல்லாம் வேலை போய்விடும்,
பாலத்தில் சுங்கம் கேட்கும் பூதம்
பட்டினி கிடக்கும்" என்றான் இல்போ.
சரி, சறுக்கலாம், எழும்ப முடியாது என்று
சிறகை நறுக்கினேன்.
அடுத்தது வால்.
வால் என்றால் நாற்காலியில் துளை வேண்டும்,
துளை என்றால் அதைப் போடும் தச்சன்,
தச்சன் என்றால் சங்கம், கூலி, வேலைநிறுத்தம்.
மூன்று வாரம் வாலிலேயே போயிற்று.
வாலும் போயிற்று.

பகலில் எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடம்.
யார் யாரோ வியர்த்த விரிப்புகள்
கண்ணாடிக்குப் பின்னால் சுழல,
எண்களைச் சுழற்றிக்கொண்டிருப்பேன்:
பலம், கூட்டல் ஒன்று.
கேள்வி, கூட்டல் இரண்டு.
எங்கோ கூட்டினால் எங்கோ கழிக்க வேண்டும்,
தராசு அப்படி.

அப்படித்தான் எழுதியிருந்தேன்
பன்னிரண்டாம் பக்கத்தில்:
"சேற்றுநிலத்தார். அறிவு, கழித்தல் இரண்டு."
இதில் அதை உரக்கப் படித்தாள்,
அலுவலகக் கடிதம் படிப்பதுபோல
ஒவ்வொரு சொல்லாய்.
"தொட்டிலில் கிடக்கும்போதே கழித்துவிடுவாயா?"
வேறொன்றும் சொல்லவில்லை.
காப்பி ஊற்றிக்கொண்டாள்.
நான் அழித்தேன். அழுத்தி அழித்தேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து
இப்போதும் விளக்கு தெரிகிறது.

ஆடிப்பார்க்கும் இரவு வந்தது.
ஹெர்வாந்தாவில், அடுக்ககத்துக்கு அடியில்,
குண்டு விழுந்தால் ஒளிவதற்கென்று கட்டிய அறை.
குண்டு விழாத வருடங்களில்
சறுக்குக்கட்டைகளும் நாங்களும்.
கதவு என் கையளவு தடிமன்.
வெளியே கழித்தல் பத்தொன்பது,
குளிருக்கு அது பிறவிக் குணம், அழிக்க முடியாது.

பக்கங்களைப் பரப்பினேன்.
ஐலுவர்கள் மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி.
இல்போ சேற்றுநிலத்தான்.
இதில் இரவில் மட்டும் நிழல் உள்ள ஒருத்தி.
ராக்கேல் தேனீக்கூட்டம் ஒன்றை எடுத்தாள்,
முழுக் கூட்டமும் ஒரே ஆள்.
மின்தூக்கி பழுதுபார்க்கும் தூக்கா
கடைசியாக வந்தான், காலணிப் பனியைத் தட்டினான்,
அடியிலிருந்து ஒரு தாளை உருவினான்.

முப்பத்தொன்று.
பக்கம் காலியாய் இருக்கக் கூடாதே என்று
டிராமில், இரண்டு நிறுத்தங்களுக்கிடையே,
கிறுக்கியது:
கல்தின்னி. குள்ளம். மெதுவாக நடக்கும்.
கல் தின்னும். கடன் மறக்காது.
அவ்வளவுதான்.

இடிந்த சுரங்கம், அடைபட்ட வழி.
"தின்றால் போயிற்று, பகடையை உருட்டு" என்றேன்.
தூக்கா உருட்டவில்லை.
"கேட்க வேண்டும்" என்றான்.
"யாரிடம்?"
"கல்லிடம். முன்பு அது யார் வீட்டுச் சுவரோ."
விதியில் அப்படி ஒன்றும் இல்லை.
ஒரு கருப்பு உப்புமிட்டாயை எடுத்து நாக்கில் வைத்தான்,
கடிக்கவில்லை.
கண்ணை மூடினான்.
காற்றுக்குழாய் முனகியது.
தேனீக்கூட்டம்கூட மூச்சுவிடவில்லை.

பிறகு உருட்டினான். இருபது முகங்களில்
மூன்று.

"வேண்டாம் என்கிறது."
மிட்டாயைத் துப்பித் தாளில் மடித்தான்.
சுற்றுவழியில் திரும்பி நடந்தான், மெதுவாக.
எல்லாரும் அவன் பின்னால் போனார்கள்.
பந்தம் தீர்ந்தது, புதையல் கைவிட்டது,
நான் மாதக்கணக்கில் வளர்த்த நாகம்
யாரும் வராத குகையில் காத்திருந்தது.

வீட்டுக்குப் போகும் கடைசி டிராமில்
முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தேன்.
"உண்ணுமுன் கல்லிடம் கேட்கும்" என்று
எழுத வேண்டியதுதான் பாக்கி,
பக்கத்தில் ஓர் எண்ணும்.
பென்சில் தாளைத் தொட்டபடி
மூன்று நிறுத்தம் வந்தது.
எழுதவில்லை.
ஏற்கெனவே இருந்ததில்
"மெதுவாக நடக்கும்" என்பதையும் அடித்தேன்.
அதை அவனே கண்டுபிடித்திருப்பான்.

ஐலுவர்களை எடுக்க
இன்னும் யாரும் வரவில்லை.
பதினாறு பக்கம், நான்கு வரைபடம்,
திருமணச் சடங்குகூட உண்டு.
ஊமையாய்க் கிடக்கிறார்கள் பையில்.
ஏரி உறைந்ததால் அல்ல,
எல்லாவற்றையும் நானே பேசிவிட்டேன்.