நிறுத்திவைத்தது: 1

ஃபரோ தீவில், த்வோரோய்ரி துறைமுகத்தில்
கடலின் உயரத்தை அளக்கிற பெட்டி ஒன்று.
அது பேசுவது புதுக் கெர்னல் எதற்கும் புரியாது.
ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து
நாற்பது வரி திருத்தி
நானே தொகுத்த கெர்னல்தான்
அதற்கு மொழிபெயர்ப்பாளர்.

பிப்ரவரியில் ஓர் இரவு
அப்டேட் வந்தது.
பெயர் அதேதான், எண் மட்டும் பெரிது.
புது வெள்ளம் வந்து
பழைய வெள்ளத்தை அடித்துக்கொண்டு போயிற்று.
இயந்திரம் ஒழுங்காக எழுந்தது.
ஒழுங்காகவே சொன்னது:
கடல் பூஜ்யம்.

பதினோரு மணி நேரம் பூஜ்யம்.
படகை விட்டிறங்கிய எய்துன்
கம்பளிக் காலுறையைப் பிழிந்தபடி கேட்டான்:
"உன் கடல் வற்றிவிட்டதாமே?"

அன்றே பெயரின் வாலில்
தீவின் மூன்றெழுத்தை ஒட்டினேன்.
பிறகு ஹோல்ட் என்று ஒரு வரி.
தட்ட நாலு விநாடி.

இப்போது திங்கள்தோறும்
பட்டியலின் அடியில் வருகிறது,
"புதுப்பிக்காமல் விட்டது: 1."
வாத்தியார் சிவப்பு மையில் எழுதினாற்போல.
எழுதட்டும்.
தடுத்துவைத்தவள் நான்;
ஓட்டை விழுந்தால் அடைக்க
வேறு ஆள் வராது.
பாதுகாப்பு அறிவிப்புகளைக்
காபி ஆற ஆறப் படிக்கிறேன்.
அந்த நாற்பது வரியைப்
புது மூலத்தில் பதியம் போட்டு
மறுபடி தொகுக்கிறேன்.
விடிய விடிய விசிறி இரைகிறது.

நேற்று எய்துன் எட்டிப்பார்த்தான்.
"இன்னும் அந்தப் பழசேதானா?"
"ஏழாவது புதுசு," என்றேன்.
நம்பாமல் திரையைப் பார்த்தான்.
எண்பத்து நாலு சென்டிமீட்டர்.
எண்பத்தைந்து.
படகுக் கயிற்றைத் தளர்த்த ஓடினான்.