கொண்டை

வியாழக்கிழமை. திபிலிசியில் தூறல்.
பாலத்தடிக் கடையில் எங்கள் மேசை,
ஒரு கால் குட்டை.

ஹின்காலி, கறி பொதிந்த கொழுக்கட்டை.
கொண்டையைப் பிடித்துத் தூக்கி
ஓரம் கடித்துச் சாற்றை உறிஞ்ச வேண்டும்.
கொண்டையைத் தின்பதில்லை, அது சரியாய் வேகாத மாவு.
தட்டில் மிஞ்சும் கொண்டைகளை எண்ணித்தான்
யார் எத்தனை தின்றது என்று சண்டை வரும்.
நோதார் பதினாறு.
எத்தேரி ஒன்பது, அதில் இரண்டு என்னுடையவை
என்று இன்னமும் சொல்வேன்.

பெஸோவின் தட்டு துடைத்தாற்போல் இருந்தது.

"கொண்டையையும் முழுங்கிட்டியா, வெளியூர்க்காரன் மாதிரி!"
நோதார் மேசையைத் தட்டிச் சிரித்தான்.
பெஸோவும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

மார்ச்சிலிருந்து அவனுக்கு வேலை இல்லை.
எங்களுக்குத் தெரியும்.
எங்களுக்குத் தெரியுமென்று அவனுக்குத் தெரியாது,
அல்லது தெரியும்.
இரண்டு தின்றானோ, மூன்றோ.

பேச்சு மழைக்குத் தாவியது,
அங்கிருந்து எத்தேரியின் மாமியாருக்கு.
நான் என் தட்டிலிருந்து ஒரு கொண்டையை எடுத்து
வாயில் போட்டேன்.
பச்சை மாவு. பல்லில் அப்பிக்கொண்டது.
இன்னொன்று.

எத்தேரி என்னைப் பார்த்தாள்,
பிறகு தன் தட்டை.
மாமியார் கதையை நிறுத்தாமலே
மெல்லத் தொடங்கினாள்.

நோதார்தான் பாவம்.
பதினாறு.