தார்ச்சக்கை

வாசல் கதவிலிருந்து தபால்பெட்டி வரை
நானூற்றுப் பத்து மீட்டர்.
லாக்லின் அளவுச் சக்கரம் உருட்டிச் சொன்னான்.
நான் நம்பவில்லை. திரும்ப உருட்டினான்.
நானூற்றுப் பதினொன்று.

ஏப்ரலில் கேப் பிரெட்டனில் பனி உருகும்போது
எங்கள் பாதை பாதையாக இருப்பதில்லை.
எண்ணெய் லாரிக்காரன் கீழேயே நின்று ஹாரன் அடிப்பான்.
மேலே ஏறினால் இறங்க மே ஆகும் என்பான்.
போன வருடம் என் இடது பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டது.
இன்னும் தரவில்லை.

கான்கிரீட் விலைக்கு இன்னொரு வீடு வாங்கலாம்.
புதுத் தாருக்கு மாபூ ஒப்பந்தக்காரர்
தொகையை வாயால் சொல்லாமல் எழுதிக் காட்டினார்,
கெட்ட வார்த்தையை எழுதிக் காட்டுவதுபோல.
ஜல்லி மலிவு. ஆனால் ஜல்லிக்குக் கால் உண்டு.
குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டியோடு கிளம்பி
புல்வெளிக்குக் குடிபோய்விடும்;
கோடையில் நான்தான் வாரியால் வாரி
வீட்டுக்கு அழைத்து வரவேண்டும்.
மின்கட்டண உறையின் முதுகில்
லாக்லின் கூட்டினான், கழித்தான்.
கழிந்தது ஜூன் மாதம்தான்.

ஜூலையில் நெடுஞ்சாலையை உரித்தார்கள்.
பழைய தாரின் தோல், சுரண்டி நொறுக்கிய சக்கை,
லாரி வாடகை கொடுத்தால் நமக்கு.
முப்பத்தெட்டு நடை.
அடியில் பெருங்கல், மேலே சக்கை, நடுவில் முதுகுபோல மேடு.
"தண்ணிக்கு வழி விடுங்க,
இல்லேன்னா அதுவே எடுத்துக்கும்"
என்றபடி ரோலர் ஓட்டினார் ஷியாசன்.
ஆகஸ்ட் வெயிலில் துண்டுகள் ஒன்றையொன்று
மெல்லப் பிடித்துக்கொண்டன.

அந்தச் சாலையில் இருபத்தெட்டு வருடம்
பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
எத்தனை வாந்தி, எத்தனை அடிதடி, மூன்று மான்கள்,
ஒரு முறை, பாலத்துக்கு முன், நேருக்கு நேர் ஒரு மரலாரி.
அதில் எந்த வளைவு இப்போது
எங்கள் கோழிக்கூண்டு எதிரில் கிடக்கிறதோ!

அங்கங்கே மஞ்சள் பெயின்ட் ஒட்டிய சில்லுகள்.
நடுக்கோடு.
தாண்டாதே, தாண்டாதே என்று
என்னிடம் மட்டும் சொல்லிவந்த கோடு
தலைகீழாகவும் குறுக்காகவும் கிடக்கிறது.
லாக்லின் பொறுக்கி எறியக் குனிந்தான்.
விடு என்றேன்.

இந்த ஏப்ரலில் எண்ணெய் லாரி மேலேயே வந்தது.
பழக்கத்தில் வாசலில் நின்றும் ஹாரன் அடித்தான்.

உறையில் லாக்லினின் கணக்கு இன்னும் இருக்கிறது,
சக்கை, கல், ரோலர், டீசல்.
அதன் கீழே என் கையெழுத்தில் சேர்த்தேன்:
பூட்ஸ், இடது, ஒன்று.