இரண்டாம் தரம்

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல்.
நான்கு பேர், நான்கு ஜோடி ஷூ:
தையல் பிசகியதால் கப்பலேறாமல்
ஆம்பூரிலேயே தங்கிவிட்டவை.
குளிர்நாட்டு மழைக்காட்டில் நடப்பதற்கென்று
பெட்டியில் படம் போட்டிருக்கும்:
பாசி போர்த்திய மரங்கள், கீழே
நனையாத ஒரு வெள்ளைக்காரக் கால்.

அந்தக் காடு எங்கே என்று நாங்கள் கேட்டதில்லை.
ஐப்பசி ஞாயிறு, ஓவர்டைம் இல்லை,
இருக்கிற காட்டுக்கு வந்தோம்.

மூங்கில் புதருக்குள் பாதை ஓடையாகியிருந்தது.
ஷாஹிதா பிரியாணிப் பொட்டலத்தைத் தலைக்கு ஏற்றினாள்.
கீழே கிடந்த கடுக்காயைக் கடித்துத் துப்பினாள் ரெபேக்காள்:
"ச்சீ, தோல் ஷெட்டு நாத்தம்."
இங்கேயும் பாறையெல்லாம் பாசிதான்,
படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பு.
எதிர்மலையை மேகம் எடுத்துக்கொண்டு போய்விட்டது,
திருப்பி வைக்கவில்லை.

மூன்றாவது ஓடையில்
பூங்காவனத்தின் வலது ஷூ
கொட்டாவி விடும் நாய்போல் வாய்பிளந்தது.
கழற்றி, உள்நாக்கைப் புரட்டிப் பார்த்தாள்.
லைன் எண் ஏழு.
மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
ஏழில் அடி ஒட்டுவது நான்.

"மணிக்கு எத்தினி ஜோடி ஒட்டற?"
"நூத்தி நாப்பது."
"அதான்."
அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஷாஹிதா துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள்.

அருவிவரை அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன்.
சேற்றில் இடது தடம் அச்சு மாறாமல்,
வலது தடம் துணி முடிச்சோடு.
இரண்டிலும் ஒரே வேகத்தில்
தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.