அப்ரூவ்டு ஷேடு

காங்கேயம். கல்யாண மண்டபம். அதிகாலை நாலே கால்.
மெனுவில் விரல் நிற்கிறது:
ராவா, ஜேபெக்கா?

கார்டில் மிச்சம் பதினொரு ஜிபி.
ராவில் எடுத்தால் நானூறுகூடத் தேறாது,
இணைச்சீர் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை.
ஜேபெக் என்றால் ஆயிரத்துச் சொச்சம்,
நாதஸ்வரக்காரர் சீவாளி நனைப்பதுகூட வந்துவிடும்.
இன்னொரு கார்டு எடுக்கப் போன சென்னியப்பன்
காபி அண்டாவோடு நின்றுவிட்டான்.

ஜேபெக்கை நான் குறை சொல்ல மாட்டேன்.
பதினாறு வருஷம் சோறு போட்டது.
கொப்பரை மாதிரி அது.
தண்ணீர் வற்றி, எடை இறங்கி,
லாரி ஏறி எந்த ஊருக்கும் போகும்.
ஆனால் கொப்பரையை எத்தனை நாள் ஊறவைத்தாலும்
இளநீர் திரும்பாது.
கண்ணுக்குத் தெரியாதென்று கேமராவே முடிவுகட்டி
வழியில் இறக்கிவிட்டதை
எங்கே போய்த் தேடுவது?

வீடியோக்காரர் திடீரென்று விளக்கைப் போட்டார்.
அருமைக்காரர் வேட்டி பளீரென்று வெளுத்து
மடிப்பில்லை, கரையில்லை.
தட்டிவிட்டேன் ராவுக்கு.
விரலை அடக்கிக்கொண்டால் நானூறு போதும்.

திங்கட்கிழமை, கடையில்,
வேட்டியின் மடிப்புகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.
ரா என்பது இரவுக்கும் பேர்தானே,
இருட்டையும் விடாமல் எடுத்துவைத்திருந்தது:
தூணுக்குப் பின்னால்
யாருக்கும் தெரியாமல் லட்டு தின்ற பையனும் வந்தான்.
அதுவரை சந்தோஷம்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா போன்.
"ஏனுங் தம்பி, புள்ளயக் கொஞ்சம்
கலராப் பண்ணிக் குடுங்."

கலர்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
ஒரே ஒரு கலர்தான்.

ஜேபெக்காக இருந்தால் சொல்லியிருப்பேன்,
முடியாதுங்கம்மா, இழுத்தால் பிசிறடிக்கும்,
கன்னத்தில் பட்டை பட்டையாய் விழும் என்று.
ராவில் அந்தச் சாக்கு இல்லை.
ஒரு நிறத்துக்குப் பதினாறாயிரத்துக்கு மேல் படிகள்,
எந்தப் படியிலும் நிறுத்தலாம் அவளை.
வேட்டியை மீட்ட அதே பலகம்.
முக்கால் தள்ளினேன்.
பிறகு இன்னொரு முக்கால்.
ஒரு பிசிறில்லை.

மறு மாசம் யுவராணியே வந்தாள்,
ஆல்பத்துக்குப் படம் பொறுக்க, அரை நாள் பர்மிஷன் போட்டு.
கழுத்தில் தாலிக்கொடிமேல் கம்பெனி அட்டை.
திருப்பூரில் ஷேடு பார்க்கிற வேலை:
பெட்டி விளக்குக்கடியில் துணியை வைத்து
விளக்கு மாறினால் நிறம் மாறுகிறதா என்று பார்த்து
லாட் லாட்டாய்த் திருப்பி அனுப்புகிறவள்.

திரையைப் பார்த்தாள். மேலே ட்யூப்லைட்டைப் பார்த்தாள்.
"அத அமத்துங்."
ஜன்னலைத் தானே திறந்தாள்.
வளையலை மேலே தள்ளிவிட்டு
முன்கையைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்,
துணிக்குப் பக்கத்தில் சாம்பிளை வைப்பதுபோல.

"ஷேடு பாஸ் ஆகலீங்."

குரலில் கோபம் இல்லை.
எத்தனை சாயப்பட்டறைக்குச் சொல்லியிருப்பாள்.
"அப்ரூவ்டு சாம்பிள் இதுங்."

ரீசெட் ஒரே சொடுக்கு.
நான் தள்ளியதெல்லாம் ஓரத்தில்
ஒரு குறிப்புச்சீட்டாய்த்தான் கிடந்திருக்கிறது.
அடியில் அவள் அப்படியே இருந்தாள்,
மண்டப விளக்கின் மஞ்சளோடு,
மேலுதட்டு வியர்வையோடு.

"இத ஜேபெக்காப் போட்டு அத்தைக்கு அனுப்பிருங்.
அப்புறம் ஆரும் ரொம்ப இழுக்க முடியாதில்லீங்."

"ரா ஃபைலுங்க?"

பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

இருபத்தெட்டு எம்பி, இருபத்தெட்டு எம்பியாக
நிதானமாய் ஏறிக்கொண்டிருந்தது.
எதிர்க் களத்தில் கொப்பரைக்குக்
கந்தகப் புகை போட்டிருந்தார்கள், வெள்ளையாய்த் தெரிய.
ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"இருக்கட்டுங்," என்றாள் இருமிக்கொண்டே.
"வெளிச்சம் வேணும்."