இரண்டு ஏக்கர்

கல்முனை நீதிமன்றத்தில் மின்விசிறி சுற்றுகிறது,
காற்றுத்தான் இல்லை.
பெயர் வீரக்குட்டி நேசமலர்.
ஊர் காரைதீவு. தொழில் மருத்துவமாது,
இருபத்தொரு வருடம்.
சத்தியம் செய்தாயிற்று.

கேள்வி ஒன்றுதான் என்கிறார் சட்டத்தரணி,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி:
பிள்ளை அழுததா?

ஆலையடி வட்டையில் பன்னிரண்டு ஏக்கர் வயல்.
ஜவாஹிர் மௌத்தானது சவளக்கடை வளைவில்,
டிப்பரின் முன்சில்லில்.
அன்றைக்கு மஸாஹிறாவுக்கு இருபத்துநாலாம் கிழமை.
இத்தா இருந்த அறைக்கே போய்
மரக்குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தேன்.
நிமிடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு.
வெளி விறாந்தையில் ஜவாஹிரின் காக்காமார் மூன்று பேர்
நிலஅளவையாளருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பொறுங்கள் என்றது சட்டம்.
வயிற்றிலிருப்பவர் வரட்டும்.
'அவர்' என்றுதான் எழுதியிருந்தார்கள்.
பெயரில்லை, பிறந்த திகதியில்லை,
ஆணா பெண்ணா தெரியாது,
ஆனாலும் ஓர் ஆண்பிள்ளையின் பங்கு
அவருக்காக ஒதுங்கி நின்றது.
சிறுபோக நெல் விற்ற காசை வங்கியில் போடப்போனவர்
பெயர் எழுதும் கட்டத்துக்கு மேலே
அரைமணி நேரம் பேனையோடு நின்றாராம்.
எனக்கு அது பிடித்திருந்தது.
வயிற்றிலிருக்கிற ஒருவருக்கு
பஸ்ஸில்கூட யாரும் எழும்புவதில்லை.

பிறகு முப்பத்தோராம் கிழமை. மழை.
மாவடிப்பள்ளி வீதிக்கு மேலால் வெள்ளம்.
அம்புலன்ஸ் அக்கரையில்.
உழவு மெஷின் பெட்டியில், தார்ப்பாய்க்குக் கீழே,
என் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நான்தான் பிடித்தேன். ஆண்.
தாய் மயங்கிக் கிடந்தாள்.
பதினொரு நிமிடம்.

அழுதிருந்தால் அவன் வாரிசு.
தகப்பனிடம் வாங்கி, தாய்க்கு ஒரு பங்கு விட்டுவிட்டுப் போனவன்;
மஸாஹிறாவுக்கு எல்லாமாக ஐந்து ஏக்கர்.
சத்தமில்லாமல் போயிருந்தால்
கணக்கில் அவன் வரவேயில்லை. மூன்று ஏக்கர்.

ஓம், அழுதான்.
சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?
சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளும்தான்.
முன்வாங்கில் இருக்கிறாள்,
கறுப்பு முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி.
ஏக்கர் கணக்குக்கு வந்தவள் மாதிரி இல்லை.
அவன் அழுதானா என்று
அவளுக்கும் இன்னும் தெரியாது.

"இல்லை" என்றேன். "அழவில்லை."

மூத்த காக்கா கைலேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"தும்மினான்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.
தும்மலா?
தும்மல்தான் ஐயா. ஒருதரம்.
பூனைக்குட்டி தும்மினது மாதிரி.
எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?
நான் 'நூறு' என்றேன், ஐயா.
எங்கள் பக்கம் பிள்ளை தும்மினால்
நூறு வயது என்று வாழ்த்துகிற பழக்கம்.
அந்த நேரத்திலும் வாய் அதைச் சொல்லிவிட்டது.
மெஷின் ஓட்டினவரைக் கேளுங்கள்,
"என்ன மிஸ்ஸி நூறு, டீசலுக்கா?" என்று
திரும்பிப் பார்த்தவர் அவர்.

இரண்டாம் தும்மலுக்கு இருநூறு.
அதற்கு வாய் திறந்தபடி இருந்தேன் என்பதை
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தடித்த கிதாபுகள் வந்தன.
அழுகை போல் தும்மலும் செல்லும் என்றார் ஒருவர்.
கண்ட சாட்சி ஒன்று போதுமா என்றார் மற்றவர்.
நீதிபதி ஏதோ நீளமாக எழுதினார்.
அடுத்த மாதம் பதினாறாம் திகதி தவணை.

வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற வாகை மரத்தடியில்
மஸாஹிறா என் கையைப் பிடித்தாள்.
"எப்பிடித் தும்மின, மிஸ்ஸி?
ஒருக்காச் செஞ்சு காட்டுங்க."

கச்சேரிக்குப் போகிற சனம் பார்த்துக்கொண்டு போக
மூக்கைச் சுருக்கி, மிகச் சின்னதாக,
செய்து காட்டினேன்.

தும்மினவருக்குச் சொல்கிற துஆவை
அவள் அரபியில் சொன்னாள்,
ஆறு மாதம் பிந்தி.