வெங்காயச் சருகு நிறம்

மாசிக் கடைசியில் வந்தாள் தமாரா,
துணியை எடைபோட, சாயம் போகுதா என்று
கசக்கிப் பார்க்க.
மூன்றாம் நாள் என்னிடம் கேட்டாள்,
வெண்ணெய் எங்கே நல்லது?
ஊத்துக்குளி என்றேன்.
பஸ் ஏறி ஒண்டியாகப் போய்
இரண்டு கிலோ வாங்கி வந்துவிட்டாள்.

அவள் நாட்டில் அது வெண்ணெய் வாரமாம்.
ஏழு நாளும் மெல்லிசாய் ஊற்றி ஊற்றித் தின்பார்களாம்,
வட்டம் என்றால் சூரியனாம்.
கேன்டீன் தோசைக்கல்லில் கோதுமை மாவும் பாலும்.
முதலாவது சுருண்டு கட்டியாகிப்போனது.
எங்களூரில் இதற்குப் பழமொழியே உண்டு என்றாள்.
ரங்காத்தாள் ஒன்றும் சொல்லாமல்
அரை வெங்காயத்தைக் கல்லில் தேய்த்துவிட்டு
அக்கட்டால நகர்ந்தாள்.
இரண்டாவது வட்டமாக வந்தது.

இதைத் தின்றால் வெயில் வரும் என்றாள்.
பாய்லர் நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்,
"வேண்டாமுங் மேடம். இருக்கறது போதுமுங்."
சொல்லிவிட்டு ஆறு தின்றான்.

ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில்
சோளத்தட்டில் ஒரு பொம்பளை கட்டி
ரிஜெக்ட் ஆன டி-சர்ட் மாட்டித் தீ வைத்தாள்.
வாட்ச்மேன் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.
ஆரைக் கொளுத்தறீங்க?
குளிர்காலத்தை, என்று நான்தான் சொன்னேன்.
வாளியைக் கீழே வைத்தார்.
"அதைப் போயி எதுக்குங்? இன்னும் நாலு நாள்
இருந்துட்டுப் போகட்டுமே."

பிறகு அவள் பால் தொடவில்லை, முட்டை தொடவில்லை,
கீரையும் சாதமும், நாற்பதுக்கு மேல் நாள்.
எங்கள் வலசில் கம்பம் நட்டிருந்தது,
நானும் தாளிக்காத குழம்புதான் கொண்டுபோவேன்.
இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில்
வாசமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.
கம்பம் யார் என்றாள். ஆத்தாளின் புருஷன்.
கடைசியில்? பிடுங்கிக் கிணற்றில் விடுவோம்.
ஆத்தாள்? வெள்ளைச் சேலை கட்டுவாள்.
கொஞ்சநேரம் சாப்பிடாமல் இருந்தாள்.

குருத்தோலை கிடைக்காத குளிராம் அங்கே,
பூனைக்காது மாதிரி மொட்டுவிட்ட குச்சியைத்தான்
கோயிலுக்குக் கொண்டுபோவார்களாம்.
அதற்கு நான் எங்கே போக?
அவிநாசிப் பக்கம் காட்டோரம் வெடித்து நின்ற
பருத்திமார் நாலு ஒடித்துக் கொடுத்தேன்.
தடவிப் பார்த்தாள். அதேதான் என்று பொய் சொன்னாள்.

பதினோரு வருஷமாக லேப் டிப் போடுகிறவள் நான்,
முட்டைக்கு ரெசிப்பி எழுதியதில்லை.
பல்லடம் சந்தையில் ஒரு சாக்குச் சருகு,
சும்மா கொடுத்தான், பைத்தியம் என்று நினைத்திருப்பான்.
நாமக்கல் முட்டை ஒரு தட்டு, முப்பது.
முதல் பீக்கரில் செம்புதான் வந்தது.
சருகை இரட்டிப்பாக்கி, அசிட்டிக் இரண்டு சொட்டு,
நாற்பது நிமிஷம்:
காய்ந்த ரத்தத்துக்கும் மாதுளைக்கும் நடுவே ஒரு சிவப்பு.
தமாரா ஒன்றை எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்தாள்,
பழக்கதோஷம். சாயம் ஒட்டவில்லை.
பாஸ், என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

முட்டையோடு முட்டை முட்டுவது விளையாட்டு.
உடையாதது ஜெயிக்கும்.
மூன்று ஷிப்ட்டையும் நாச்சிமுத்து தோற்கடித்தான்,
அவனுடையது மரமுட்டை என்று அப்புறம் தெரிந்தது.

பண்டிகை கழிந்து ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை,
சித்திரை வெயில், மாடித் தரை சுடுகிறது.
கடைசி முட்டை அவள் கையில்.
இன்று அக்காவின் குழிமேட்டில் வைக்க வேண்டுமாம்.
விமானத்துக்கு லீவு இல்லை, ஷிப்மென்ட் வெள்ளிக்கிழமை.
உங்கள் செத்தவர்களுக்கு எங்கே வைப்பீர்கள்?

கைப்பிடிச் சுவரைக் காட்டினேன்.
வைத்தாள். கூப்பிடத் தெரியவில்லை, நான் கூப்பிட்டேன்.
ஒன்று வந்து தலை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது,
இப்படி ஒரு நிறத்தை அது கண்டதில்லை.
உரித்து வையுங்கள் என்றேன்.
உரித்தாள். அது வெள்ளையைத் தொடாமல்
சிவந்த ஓடு ஒன்றைக் கவ்விக்கொண்டு
நொய்யல் பக்கம் பறந்தது.

அக்காவுக்கு எப்போதும் நிறம்தான் பிடிக்கும்,
என்றாள் தமாரா.

முட்டையை இரண்டாய்ப் பிட்டோம்.
உப்பு எடுக்க நான் கீழே போனேன்.